விடாமுயற்சியும் ரத்தக்கொதிப்பும்: அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் கணக்கு ஏன் மாறுகிறது?

"நான் நினைத்தபடி ஒன்று நடக்காவிட்டால், இன்னும் கடுமையாக உழைக்கத்தான் தோன்றும்." "ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், அது முழுதாக முடியும்வரை விடமாட்டேன்." இந்தப் பாங்கில் 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'எனக்குச் சிறிதும் பொருந்தாது' என்பதிலிருந்து 'முழுக்கப் பொருந்தும்' வரை 1 முதல் 5 மதிப்பெண். கூட்டினால் குறைந்தது 12, அதிகம் 60. எந்த ஆசிரியரும் எந்தப் பெற்றோரும் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் குணத்தைத்தான் இந்த வினாத்தாள் அளக்கிறது: மன வலிமை, உழைப்பில் பற்று, எடுத்ததை முடிக்கும் பிடிவாதம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எட்ஜ்கோம்ப் என்றொரு மாவட்டம். புகையிலையும் பருத்தியும் விளைந்த கிராமப்புறம். அங்கே 1983இல் எடுத்த ரத்த அழுத்தக் கணக்கெடுப்பை ஷெர்மன் ஜேம்ஸ் என்ற நோய்ப்பரவலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1987இல் இந்த மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்த்தார்கள். மதிப்பெண் அதிகம் பெற்ற கறுப்பினத்தவரில், படிப்பும் வேலையும் நல்ல நிலையில் இருந்தவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் 11.5 விழுக்காடு. அதே அளவு மதிப்பெண் பெற்று, படிப்பும் வேலையும் தாழ்ந்த நிலையில் இருந்தவர்களிடம் 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று மடங்கு. மதிப்பெண் குறைவாகப் பெற்றவர்களிடம் மேல்தட்டு, கீழ்த்தட்டு வித்தியாசம் சிறியதாகவே இருந்தது. வெள்ளையர்களிடம் இந்த மதிப்பெண் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை.

இதைப் படித்ததும் 'உழைப்பு உடம்பைக் கெடுக்கும்' என்று சிலர் முடிவு கட்டுவார்கள், 'கறுப்பினத்தவர் உடம்பே அப்படி' என்று வேறு சிலர். இரண்டுமே தரவு சொல்வதற்கு எதிரானவை. அதே அளவு விடாமுயற்சி, அதே இனம், ஆனால் கையில் வசதி இருந்தவர்களிடம் ரத்தக்கொதிப்பு குறைவாகவே இருந்தது. முயற்சியின் அளவை மட்டும் பார்த்தால் இது புரியாது. முயற்சி எதன்மேல் முட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயர் வந்த வழி

இந்தக் குணத்துக்கு ஜேம்ஸ் வைத்த பெயர் 'ஜான் ஹென்றியிசம்'. அமெரிக்க நாட்டார் வழக்கில் ஜான் ஹென்றி ஒரு கறுப்பின ரயில்பாதைத் தொழிலாளி. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் இடத்தில், பாறையில் துளை போடும் நீராவி இயந்திரத்தோடு சம்மட்டி பிடித்துப் போட்டியிடுகிறார். இயந்திரத்தை வெல்கிறார். வென்ற இடத்திலேயே கையில் சம்மட்டியோடு விழுந்து இறக்கிறார்.

ஆனால் ஜேம்ஸுக்கு இந்தப் பெயரை நினைவூட்டியவர் உயிரோடிருந்த ஒரு விவசாயி. 1978இல் ஜேம்ஸ் வட கரோலினாவில் நேர்காணல் செய்த ஜான் ஹென்றி மார்ட்டின், 1907இல் பங்குக் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பங்குக் குத்தகை என்றால் நிலம், விதை, உரம், கணக்குப் புத்தகம் எல்லாம் நிலக்காரர் கையில். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது உழுதவர் எப்போதும் கடன்காரராகவே நிற்பார். பள்ளியில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாத மார்ட்டின், தானே எழுதப் படிக்கக் கற்றார். கடன் வாங்கி நிலம் வாங்கினார். 40 ஆண்டுகளில் கட்ட வேண்டிய அடமானக் கடனை இரவு பகலாக உழைத்து 5 ஆண்டுகளில் கட்டி முடித்தார். 40 வயதில் 75 ஏக்கர் அவருக்குச் சொந்தம். 50களின் இறுதிக்கு வரும்போது ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றில் கடுமையான புண். இரைப்பையில் 40 விழுக்காட்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து மனைவி அவரைப் பெயர் சொல்லி மதிய உணவுக்கு அழைத்தார். அந்த அழைப்பில்தான் பெயரும் கதையும் ஜேம்ஸுக்கு ஒன்றாகப் பொருந்தின.

அந்த 40 ஆண்டுக் கடனை ஏன் 5 ஆண்டில் அடைக்கத் துடித்தார்? பேராசையால் அல்ல. கறுப்பின விவசாயிக்குக் கடன் என்பது எந்த நிமிடமும் நிலத்தைப் பறிக்கக்கூடிய கயிறு. 1920இல் அமெரிக்காவில் சுமார் 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். பின்வந்த பல பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை மிகச் சிறு பகுதியாகச் சுருங்கியது. அரசின் வேளாண் துறையே அவர்களுக்குக் கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டியது என்று தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்டு வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்து, சுமார் 100 கோடி டாலர் இழப்பீடாகக் கொடுக்கப்பட்டது. இந்தப் பின்னணி இல்லாமல் மார்ட்டினின் அவசரத்தை ஒரு 'ஆளுமைக் குணம்' என்று மட்டும் எழுதிவிட்டால், பாதிக் கதை காணாமல் போய்விடும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

இதயமும் ரத்தநாளங்களும் சேர்ந்து ஆடும் ஆட்டம்தான் ரத்த அழுத்தம். ஒரு நிமிடத்தில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு ஒரு பக்கம், சிறு தமனிகள் காட்டும் எதிர்ப்பு மறுபக்கம். இரண்டில் எது கூடினாலும் அழுத்தம் ஏறும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பது மூன்றாவது கை. நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அழுத்தம் எங்கே நிலைகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பால் ஓப்ரிஸ்ட் என்ற உளவியல் அறிஞர் 1970களில் செய்த ஆய்வக வேலை இங்கே முக்கியமானது. வேகமாக வினையாற்றினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்பது போன்ற பணிகளை அவர் பங்கேற்பாளர்களுக்குக் கொடுத்தார். பணி மிக எளிதாக இருந்தபோது இதயம் பெரிதாகத் துடிக்கவில்லை. முடியவே முடியாது என்று தெரிந்துவிட்டபோதும் துடிப்பு தணிந்தது. 'கஷ்டம், ஆனால் முயன்றால் முடியலாம்' என்ற நிலையில்தான் உடம்பை அவசரத்துக்கு முடுக்கும் பரிவு நரம்பு மண்டலம் இதயத்தை உச்சத்துக்கு விரட்டியது, சிஸ்டாலிக் அழுத்தமும் (இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அளவு) அதிகம் ஏறியது. ஜான் ஹென்றியிசம் என்ற கருத்தின் உடலியல் வேர் இதுதான். நம்பிக்கையை விட்டவரின் உடம்பைவிட, நம்பிக்கையை விடாமல் கடினமான சுவரை முட்டிக்கொண்டே இருப்பவரின் உடம்புதான் இந்த நிலையில் சிக்கிக்கொள்கிறது.

சிறுநீரகத்தின் பங்கை அதே பல்கலைக்கழகத்தின் கேத்லீன் லைட்டும் ஓப்ரிஸ்டும் சகாக்களும் 1983இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். போட்டி மனப்பான்மையைத் தூண்டும் பணிகளில் ஈடுபட்டபோது, பெற்றோருக்கு ரத்தக்கொதிப்பு இருந்த அல்லது தாங்களே எல்லைக்கோட்டு அழுத்தத்தில் இருந்த இளைஞர்கள் சிலரிடம், சிறுநீர் வழியே வெளியேறும் சோடியமும் நீரும் குறைந்தன. மன அழுத்தத்தின் ஊடே உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாலையில் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும், பிடித்து வைத்த உப்பு உடனே வெளியேறிவிடுவதில்லை.

கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஆய்வகத்தில் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் ஒரு போக்கு மீண்டும் மீண்டும் தெரிகிறது. ஒரே மன அழுத்தப் பணியில், வெள்ளையர்களிடம் அழுத்தம் ஏறுவதில் இதயத்தின் வெளியீட்டுக்குப் பங்கு அதிகம். கறுப்பினத்தவரிடம் நாளங்கள் இறுகுவதற்குப் பங்கு அதிகம். இரவுக் கணக்கும் முக்கியம். தூங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்குவது இயல்பு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் சராசரியாக இந்த இறக்கம் குறைவு. இனப் பாகுபாட்டு அனுபவத்தையும் ரத்த அழுத்தத்தையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறவு வலுவாகத் தெரிந்தது மருத்துவமனையில் எடுத்த அளவில் அல்ல, இரவில் எடுத்த அளவில்தான். பகலின் கணக்கு முடிந்துவிடாமல் படுக்கைக்கும் தொடர்கிறது.

இது மரபணுவா?

அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரத்தில் 2017-18இல், 130/80 என்ற எல்லைக்கோட்டின்படி, கறுப்பினப் பெரியவர்களில் 57.1 விழுக்காட்டினருக்கும் வெள்ளையர்களில் 43.6 விழுக்காட்டினருக்கும் உயர் ரத்த அழுத்தம். இந்த இடைவெளியைப் பார்த்ததும் 'மரபணு' என்ற சொல் சுலபமாக வந்துவிடுகிறது. அடிமைக் கப்பல்களில் உப்பைத் தக்கவைக்கும் உடம்புள்ளவர்கள் மட்டுமே பிழைத்தார்கள், அவர்களின் வழித்தோன்றல்களுக்குத்தான் ரத்தக்கொதிப்பு என்ற கருதுகோளும் ஒரு காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அடிமை வணிக வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டின் 1992இல் அதன் வரலாற்று ஆதாரங்களைக் கேள்விக்குள்ளாக்கினார்.

இதைவிட வலுவான பதில் ரிச்சர்டு கூப்பர் குழுவிடமிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், சிகாகோ அருகில் உள்ள மேவுட் ஆகிய இடங்களில் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஒரே முறையில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத்தில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் ஒன்று, இடம் மாற மாற எண் இரட்டிப்பாகிறது. 2005இல் இதே குழு ஐரோப்பிய நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, வெள்ளையர்கள் பெரும்பான்மையாக உள்ள ஜெர்மனி போன்ற நாடுகளில் விகிதம் அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட அதிகமாகவே இருந்தது. உடல் எடை, உப்பு, உணவு எல்லாம் இதில் கலந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 'கறுப்பினம்' என்ற ஒற்றைச் சொல்லை உயிரியல் காரணமாக எழுதிவிட்டு நகர்வதற்கு இந்த எண்கள் இடம் கொடுப்பதில்லை.

வெள்ளையர்களிடம் விடாமுயற்சி மதிப்பெண் ஏன் வேறுமாதிரி நடந்துகொள்கிறது என்பதற்கும் இதே பக்கத்தில்தான் விடை தேட வேண்டும். 2022இல் அமெரிக்க மத்திய வங்கியின் குடும்ப நிதிக் கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறு மடங்குக்கு மேல். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை 'ஒரே பொருளாதார நிலை' என்று ஆய்வில் ஒரே பெட்டியில் போட்டால், ஒருவருக்குப் பின்னால் அப்பா வீடு இருக்கிறது, இன்னொருவருக்குப் பின்னால் உதவி கேட்கும் உறவினர் பட்டியல் இருக்கிறது. விடாமுயற்சியில் இருவரும் 55 மதிப்பெண் வாங்கலாம். ஒருவர் முயற்சி சறுக்கினால் தாங்க ஒன்று உண்டு. மற்றவருக்குச் சறுக்கவே அனுமதி இல்லை.

பிடிபடாமல் நழுவிய இடங்கள்

இந்தக் கருத்தை நிரூபிக்கப்பட்ட விதி போல எழுதுபவர்கள் பலர். அது நியாயமில்லை. 1983இல் வந்த முதல் ஆய்வில் 17 முதல் 60 வயது வரையிலான 132 கறுப்பின ஆண்கள்தான். குறைந்த படிப்பும் அதிக மதிப்பெண்ணும் உள்ளவர்களிடம் டயஸ்டாலிக் அழுத்தம் (இதயம் தளரும்போதுள்ள கீழ் அளவு) கூடுதலாக இருந்தது. 1988இல் எட்ஜ்கோம்புக்கு அருகிலிருந்த பிட் மாவட்டத்தில், 25 முதல் 50 வயது வரையிலான 1,784 கறுப்பினத்தவரை ஜேம்ஸின் குழுவே அளந்தது. 1992இல் வந்த அதன் முடிவு முதல் கருதுகோளைத் தெளிவாக உறுதிப்படுத்தவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டது அவர்களின் நேர்மை.

வேறு இடங்களில் கணக்கு இன்னும் குழம்பியது. அலபாமாவில் வில்லியம் டிரஸ்லர் குழு 1998இல் பார்த்தபோது, மதிப்பெண் கூடக் கூட ஆண்களிடம் அழுத்தம் ஏறியது, பெண்களிடம் இறங்கியது. மிசிசிப்பியின் ஜாக்சன் இதய ஆய்வில் 2013இல் வெளிவந்த பகுப்பாய்விலும் ஆண், பெண் கணக்கு ஒன்றாக இல்லை. 1995இல் கேத்லீன் லைட் குழு வேலைநேர அழுத்தத்தை அளந்தபோது வந்தது இன்னொரு திருப்பம். விடாமுயற்சி அதிகமாகவும் வகித்த பதவி உயர்ந்ததாகவும் இருந்த கறுப்பினத்தவர், பெண்கள் ஆகியோரிடம் வேலைநேர டயஸ்டாலிக் அழுத்தம் கூடுதல். வெள்ளை ஆண்களிடம் அப்படி இல்லை. கீழ்த்தட்டில்தான் சிக்கல் என்ற முதல் சூத்திரத்துக்கு இது நேர் எதிராகத் தோன்றும். ஆனால் அந்த இடத்துக்குத் தாங்கள் உரியவர்கள் என்று ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், முரண் பெருமளவு கரைகிறது. இது ஊகம்தான், ஆனால் பிந்தைய ஆய்வுகள் அந்தத் திசையில்தான் போகின்றன.

ஆய்வுகள் ஒத்துப்போகாததற்குச் செய்முறைக் காரணங்களும் உண்டு. இந்தத் துறையின் தரவைக் கையாள்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் அவை.

முதலாவது, இங்கே தேடுவது ஒரு தனி விளைவை அல்ல, இரண்டு காரணிகள் சேர்ந்தால் மட்டும் தோன்றும் விளைவை. நான்கு கட்டங்களாகச் சமமாகப் பிரித்த ஆய்வில், ஒரு தனி விளைவைக் கண்டுபிடிக்கப் போதுமான ஆட்களைவிட நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும், அதே அளவுள்ள சேர்க்கை விளைவைப் பிடிக்க. இனத்தையும் மூன்றாவதாகச் சேர்த்தால் தேவை இன்னும் ஏறும். 150 பேரை வைத்துக்கொண்டு 'விளைவு இல்லை' என்று எழுதுவது பல நேரங்களில் 'பார்க்க முடியவில்லை' என்பதன் மறுபெயர்.

அடுத்தது மதிப்பெண்ணின் குவிவு. தன்னைக் கடும் உழைப்பாளி என்று சொல்லிக்கொள்ளாதவர் அரிது. அதனால் பெரும்பாலோர் மேல்பக்கத்தில் நெருங்கி நிற்கிறார்கள். அதை நடுவில் வெட்டி 'அதிகம்', 'குறைவு' என்று பிரித்தால், 51 எடுத்தவரும் 53 எடுத்தவரும் எதிரெதிர் அணியில் போய்விடுவார்கள். மதிப்பெண்ணை முழு அளவாகவே வைத்துப் பகுப்பாய்வதுதான் சரி.

மாத்திரை சாப்பிடுபவர்களின் அளவு மூன்றாவது பொறி. மருந்தின் உதவியால் 128/78இல் இருப்பவரை 'அழுத்தம் இல்லாதவர்' என்று எண்ணினால் கணக்கு தலைகீழாகும். விடாமுயற்சி உள்ளவர் மாத்திரையையும் விடாமல் சாப்பிடக்கூடியவர் என்பதால் பிழை ஒரே பக்கமாகச் சாயும். மருந்தெடுப்பவர்களின் சிஸ்டாலிக்கில் 10 அல்லது 15, டயஸ்டாலிக்கில் 5 அல்லது 10 கூட்டிக்கொள்வது வழக்கத்தில் உள்ள திருத்தம். அளவு எதுவாக இருந்தாலும், மருந்து சாப்பிடுபவரை உயர் அழுத்தக்காரர் என்றே வகைப்படுத்துவது இன்னொன்று. இரண்டு வழியிலும் செய்துபார்த்து முடிவு நிலைக்கிறதா என்று காட்டாத கட்டுரையை முழுதாக நம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, அளக்கும் நேரம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து எடுக்கும் அளவில், முட்டி மோதும் நேரத்து அழுத்தம் தெரியாது. இந்தக் கருதுகோளைச் சோதிக்கத் தகுந்த கருவி 24 மணி நேர அழுத்தமானி: பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அளக்கும். அமெரிக்க வழிகாட்டுதலில் பகல் சராசரி 130/80, இரவுச் சராசரி 110/65 என்பவை எல்லைகள். வேலைநாளில் மாட்ட வேண்டும்; விடுமுறை நாளில் மாட்டினால் ஆய்வே வீண். கையில் சுற்றும் பட்டையின் அளவு தவறினாலும் வீண்தான். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது சிஸ்டாலிக் சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டியதாக 2023இல் வந்த ஒரு சோதனை சொன்னது. உடல் பருமன் இரு குழுக்களில் வேறுபடும்போது, தவறான பட்டையே 'இன வேறுபாட்டை'ப் பொய்யாக உருவாக்கிவிடும்.

வெளியே வெற்றி, உள்ளே தேய்மானம்

கடந்த 15 ஆண்டுகளில் இந்தச் சிந்தனைக்குப் புது உயிர் கொடுத்தவர்கள் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தின் ஜீன் பிரோடியும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிரிகரி மில்லர், எடித் சென் ஆகியோரும். ஜார்ஜியா மாநிலக் கிராமங்களின் ஏழைக் கறுப்பினச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 11 முதல் 13 வயதில் ஆசிரியர்கள் 'பொறுப்பானவர், படிப்பில் கருத்துள்ளவர்' என்று மதிப்பிட்ட பிள்ளைகள், 19 வயதில் மனச்சோர்வு குறைவாகவும் நடத்தைச் சிக்கல்கள் குறைவாகவும் இருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களில் மிக வறிய சூழலில் வளர்ந்தவர்களின் ரத்த அழுத்தம், உடல் நிறை, இரவுச் சிறுநீரில் மன அழுத்த ஹார்மோன்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது உடம்பின் சுமை கூடியிருந்தது. 2013இல் வெளிவந்த இந்த ஆய்வின் தலைப்பே, மீண்டெழும் திறன் தோல் அளவில்தானா என்று கேட்டது. 2015இல் அடுத்த அதிர்ச்சி: சுயக்கட்டுப்பாடு அதிகமுள்ள ஏழை இளைஞர்களின் செல்கள், மரபணுக்களின் மேல் படியும் வேதி அடையாளங்களின்படி, வயதைவிட வேகமாக மூப்படைந்திருந்தன. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளிடம் அதே சுயக்கட்டுப்பாடு செல்களையும் காத்தது.

அமெரிக்கா முழுவதும் இளைஞர்களைத் தொடர்ந்த தேசிய ஆய்வின் தரவில் 2018இல் லாரன் கேடோஷ் குழு கண்டது, மொத்த விவாதத்துக்கும் மிகத் தெளிவான சான்று என்பேன். கல்லூரிப் படிப்பை முடித்தவர்களிடம் மனச்சோர்வு எல்லா இனத்திலும் குறைவு. ஆனால் ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவை சேர்ந்த வளர்சிதை மாற்றக் கோளாறு வெள்ளையர்களிடம் எந்தக் குடும்பத்திலிருந்து வந்தாலும் குறைந்தது; ஏழ்மையான பின்னணியிலிருந்து வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பட்டதாரிகளிடம் கூடியது. ஒரே பட்டம். அதைப் பெற உடம்பு கொடுத்த விலை வேறு.

பிட் மாவட்டத்து ஆண்களை ஜேம்ஸ் குழு மறுபடி பார்த்து 2006இல் எழுதியதும் இதோடு சேர வேண்டியது. சிறுவயதிலும் பெரியவரான பிறகும் வசதியாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு காலத்திலும் வறுமையில் இருந்த ஆண்களுக்கு ரத்தக்கொதிப்பு வருவதற்கான வாய்ப்பு ஏழு மடங்கு. சிறுவயதில் வறுமை, பிறகு முன்னேற்றம் என்றிருந்தவர்களுக்கு அது நான்கு மடங்கு. முன்னேற்றம் பலன் தருகிறது. பழைய கடனை முழுதாக அழிப்பதில்லை.

மருந்துச்சீட்டும் மற்றதும்

இந்தப் புரிதலோடு ஒருவர் மருத்துவரிடம் போனால் என்ன மாற வேண்டும்? 'கொஞ்சம் நிதானமாக இருங்கள், டென்ஷனைக் குறையுங்கள்' என்ற அறிவுரை வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் தலைமேல் இருப்பவருக்கு உதவாது. விடாமுயற்சியை நோயாகப் பார்ப்பதும் அநீதி. மார்ட்டின் சம்மட்டியைக் கீழே வைத்திருந்தால் ரத்தக்கொதிப்பு வராமல் இருந்திருக்கலாம். 75 ஏக்கரும் வந்திருக்காது.

உணவில் பலன் நிச்சயம். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த 'டாஷ்' உணவுமுறை 1990களில் சோதிக்கப்பட்டபோது, சிஸ்டாலிக் அழுத்தம் வெள்ளையர்களிடம் 3.0 மி.மீ. குறைந்தது, கறுப்பினத்தவரிடம் 6.8 மி.மீ. குறைந்தது. மாத்திரையில், நோய்ப் பின்னணி வேறு எதுவும் இல்லாத கறுப்பின நோயாளிகளுக்குத் தயாசைடு வகை நீர்மாத்திரையையோ அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பானையோ முதலில் கொடுக்க 2017ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் சொன்னது. 2002இல் முடிந்த பெரிய மருந்துச் சோதனையில், கறுப்பினத்தவரிடம் லிசினோபிரில் என்ற வேறு வகை மருந்தை முதல் மருந்தாகக் கொடுத்தபோது அழுத்தம் குறைவாகவே இறங்கியதும் பக்கவாதம் கூடுதலாக வந்ததும் இதற்குக் காரணம். குழுவின் சராசரி இது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எது வேலை செய்கிறது என்பதை அவருடைய அழுத்தமானிதான் சொல்லும்.

சிறுவயதிலேயே சுமையைப் பகிர்ந்தால் உடம்பு கேட்கிறது என்பதற்கும் சான்று உண்டு. ஜார்ஜியாவில் 11 வயதுப் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் ஏழு வாரம் நடத்திய குடும்ப ஆதரவுப் பயிற்சியில் கலந்துகொண்ட பிள்ளைகளிடம், 19 வயதில் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைவாக இருந்தன. பிள்ளையை இன்னும் கடுமையாக முயலச் சொன்ன பயிற்சி அல்ல அது. பிள்ளைக்குப் பின்னால் நிற்க ஆளைத் தயார் செய்த பயிற்சி.

பெரியவர்களுக்கு இதே வழியில் செய்த மிகச் சிறந்த முயற்சி லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. இதய மருத்துவர் ரொனால்டு விக்டர், சிஸ்டாலிக் 140க்கு மேல் இருந்த 319 கறுப்பின ஆண்களை, அவர்கள் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் 52 கடைகளின் வழியே சேர்த்தார். ஒரு பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் 'உப்பைக் குறையுங்கள், டாக்டரைப் பாருங்கள்' என்று ஊக்கப்படுத்தினார். மறு பாதியில் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கடைக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே அழுத்தம் பார்த்து, மருத்துவரோடு செய்த உடன்பாட்டின்படி மருந்து எழுதினார்: முதலில் அம்லோடிபினும் நாளங்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் ஒரு மருந்தும், போதாவிட்டால் இண்டபமைடு என்ற நீர்மாத்திரை. ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே முடித்தார். ஆறு மாதத்தில், அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் சிஸ்டாலிக் 9.3 மி.மீ. இறங்கியது, மருந்தாளுநர் வந்த கடைகளில் 27.0 மி.மீ. 130/80க்குக் கீழே வந்தவர்கள் முதல் வகையில் 11.7 விழுக்காடு, இரண்டாவதில் 63.6 விழுக்காடு.

அறிவுரை பெற்றவர்களும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. விடுப்பு எடுத்து, மருத்துவமனைக்குப் போய், காத்திருந்து, மருந்துச்சீட்டு வாங்கி, மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்ற வேலைகளை அவர்கள் தலையில் வைத்தார்கள். மற்றவர்களின் தலையிலிருந்து அவற்றை இறக்கினார்கள். ஓராண்டு முடிவில், மருந்தாளுநரின் வருகையைக் குறைத்த பிறகும், அந்தக் கடைகளில் அழுத்தம் தொடக்கத்தைவிட 28.6 மி.மீ. கீழேயே நின்றது.